கேப் டவுணில் நமக்கு என்ன வாய்ப்பு?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், 2023 ஜூன் மாதம் வெள்ளவத்தையில், 1983 ஆம் ஆண்டு வலைப்பந்தாட்ட அணியினர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



எங்களுக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். "பழைய நினைவுகள்" என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. ஆனால் நாங்கள் பழைய நினைவுகளை மட்டும் பேச வரவில்லை. வருகிற ஜூலை 28 ஆம் திகதி தென்னாபிரிக்காவின் கேப் டவுண் நகரில் வலைப்பந்தாட்ட உலகக் கிண்ணம் தொடங்குகிறது. நம்முடைய அணியும் போகிறது. அதில் நமக்கு என்ன வாய்ப்பு என்று கணக்குப் பார்க்கத்தான் வந்தோம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுப் பைத்தியங்களுக்கு மேடை கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

முதலில் எங்களை அறிமுகப்படுத்துகிறோம். நாங்கள் ஏழு பேர். 1983 இல் இந்தக் கல்லூரியின் மூத்தோர் அணி. எங்கள் பெயர்களை இங்கே சொல்லப் போவதில்லை. பல பேருக்கு எங்கள் பெயர் தெரியாது, நெஞ்சில் குத்தியிருந்த எழுத்துத்தான் தெரியும். இன்றைக்கும் தொலைபேசியில் ஒருவரையொருவர் "எடி சென்டர்", "எடி ஜீ.கே." என்றுதான் கூப்பிடுவோம். நாலு பேர் இங்கே மேடையில் நிற்கிறோம். விங் அட்டாக் ரொறன்ரோவில், கோல் டிஃபென்ஸ் மெல்பேணில். எங்கள் கோல் ஷூட்டர் மூன்று வருடங்களுக்கு முன் இலண்டனில் காலமாகிவிட்டாள். கொரோனா காலம். நாங்கள் யாரும் போக முடியவில்லை. இந்த உரையின் பாதி, அவள் இருந்திருந்தால் எங்களோடு போட்டிருக்கக்கூடிய சண்டைதான்.

சரி, கணக்குக்கு வருவோம்.

இம்முறை உலகக் கிண்ணத்தில் 16 அணிகள். நாலு குழு, குழுவுக்கு நாலு அணி. ஆபிரிக்க மண்ணில் இந்தச் சுற்று நடப்பது இதுவே முதல் தடவை. இலங்கை "சி" குழுவில். கூட இருப்பவர்கள் ஜமைக்கா, தென்னாபிரிக்கா, வேல்ஸ். ஒவ்வொரு குழுவிலும் முதல் மூன்று இடம் பிடிப்பவர்கள் மேலே போவார்கள். நாலாவதாக வருபவர்கள் 13 முதல் 16 வரையான இடங்களுக்காகத் தங்களுக்குள் ஆடுவார்கள். ஆக, கேள்வி சின்னது: மூன்று பேரில் ஒருவரையாவது நாம் முந்துவோமா?

ஜமைக்காவை எடுத்துக்கொள்வோம். போன வருடம் பர்மிங்காம் பொதுநலவாய விளையாட்டு விழாவில் குழு நிலை ஆட்டத்தில் அவுஸ்திரேலியாவையே 57 - 55 என்று தோற்கடித்தவர்கள். பிறகு இறுதிப் போட்டி வரை போய், அதே அவுஸ்திரேலியாவிடம் 51 - 55 என்று தோற்று வெள்ளிப் பதக்கம் வாங்கினார்கள். அவர்களுடைய கோல் ஷூட்டர் ஜெனீல் ஃபௌலர் ஆறரை அடி உயரம். ஜமைக்காவை வெல்வோம் என்று சொன்னால், எங்கள் பழைய ரீச்சர் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து காதைத் திருகுவார்.

தென்னாபிரிக்கா விருந்து கொடுப்பவர்கள். அரங்கம் முழுக்க அவர்களுடைய சனம். 2019 இல் லிவர்பூலில் அரையிறுதி வரை வந்தவர்கள். அந்தச் சுற்றின் மிகச் சிறந்த வீராங்கனை என்ற விருதை வாங்கிய கார்லா பிரிட்டோரியஸ் அவர்களுடைய தடுப்பாட்டக்காரி. அங்கேயும் நமக்கு வேலை இல்லை.

மிச்சம் வேல்ஸ். 2019 உலகக் கிண்ணத்துக்கு அவர்கள் வரவில்லை, நாம் போயிருந்தோம். அதை வைத்து எங்கள் ஜீ.கே. "வேல்ஸை அடிக்கலாம்" என்கிறாள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பர்மிங்காமில் ஆடிய 12 அணிகளில் ஜமைக்கா, தென்னாபிரிக்கா, வேல்ஸ் மூன்றும் இருந்தன. நாம் இருக்கவில்லை. பெரிய அணிகளோடு வருடத்தில் எத்தனை தடவை மோதுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நாம் ஆசியாவில் வென்றுவிட்டு வருகிறோம். அவர்கள் வலிமையானவர்களிடம் தோற்றுத் தோற்றுப் பழகிவிட்டு வருகிறார்கள். தோற்றுப் பழகியவர்களுக்குத்தான் வேகம் பழகும். பத்துத் தடவை ஆடினால் ஒரு தடவை வேல்ஸை வெல்லலாம் என்று நாங்கள் மதிப்பிடுகிறோம். அந்த ஒரு தடவை கேப் டவுணில் வரட்டும் என்று நேர்த்தி வைப்பவர்கள் வைக்கலாம். நாங்கள் தடுக்கமாட்டோம்.

அப்படியானால் நாலாவது இடம். பிறகு அந்தக் கடைசி நாலு பேருக்குள் ஆட்டம். அங்கே யார் வருவார்கள்? நியூசிலாந்து, உகண்டா, ட்ரினிடாட் அன்ட் டொபாகோ ஆகியோருடன் ஒரே குழுவில் மாட்டிக்கொண்டிருக்கும் சிங்கப்பூர் பெரும்பாலும் வரும். மற்ற இரண்டு இடங்களுக்கு ஃபீஜியோ சிம்பாப்வேயோ, பார்படோஸோ ஸ்கொட்லாந்தோ. உண்மையான சண்டை அங்கேதான் இருக்கிறது.

சிங்கப்பூரைப் பற்றி நமக்குத் தெரியும். 2018 ஆசிய சம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் 69 - 50 என்று வென்றோம். போன வருடம் செப்டெம்பர் 11 ஆம் திகதி மறுபடியும் அவர்களுடைய ஊரிலேயே 63 - 53 என்று வென்றோம். நமக்கு ஆறாவது ஆசியக் கிண்ணம். எல்லோரும் கைதட்டினோம். ஆனால் எங்கள் சென்டர் மட்டும் ஒரு கடதாசியில் எழுதிக் காட்டினாள்: முதலில் 19 கோல் வித்தியாசம், பிறகு 10 கோல் வித்தியாசம். "வென்ற அன்றைக்கே இதையும் பார்க்க வேண்டும்" என்றாள். அவள் கணக்கு ரீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சந்தோஷத்தைக்கூடச் சரிபார்த்துத்தான் வாங்குவாள்.

அந்த செப்டெம்பர் 11 நினைவிருக்கிறதா? அதே நாள் டுபாயில் நம்முடைய கிரிக்கெட் அணி பாகிஸ்தானை வென்று ஆசியக் கிண்ணம் எடுத்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்வரை எரிபொருளுக்கு வரிசை. காலி வீதியில் வாகனங்கள் நாள்கணக்கில் நின்றன. பாடசாலைகள் மூடிக் கிடந்தன. பஸ் இல்லாமல் பிள்ளைகள் பயிற்சிக்கு வர முடியாத மாதங்கள் அவை. அப்படிப்பட்ட வருடத்தில் இரண்டு கிண்ணம் ஒரே நாளில். இரண்டு அணிகளையும் ஒன்றாக விமான நிலையத்திலிருந்து ஊர்வலமாக அழைத்து வந்தார்கள். வெள்ளவத்தையில் வெடி கொளுத்தியவர்களில் முக்கால்வாசிப் பேர் கிரிக்கெட்டுக்காகக் கொளுத்தினார்கள். நாங்கள் கொளுத்தியது எதற்காக என்று உங்களுக்குத் தெரியும்.

இப்போது தர்ஜினி சிவலிங்கத்துக்கு வருவோம். அவரைப் பேசாமல் இந்தக் கணக்கு முடியாது.

யாழ்ப்பாணம், ஈவினைக் கிராமத்துப் பெண். 6 அடி 10 அங்குலம். வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கிறது. அவர் கையை உயர்த்திப் பந்தைப் பிடித்தால், எதிரிக்கு வானத்தைப் பார்க்கிற வேலை மட்டும்தான். 2011 உலகக் கிண்ணத்திலேயே சிறந்த கோல் ஷூட்டர் என்று பெயரெடுத்தவர். 2019 இல் லிவர்பூலில் சிங்கப்பூரை 88 - 50 என்று வென்ற ஆட்டத்தில் 78 தடவை எறிந்து 76 கோல் போட்டார். அந்தச் சுற்று முழுவதும் 377 எறிதல்கள், 348 கோல்கள். தவறியது 29 மட்டுமே. உலகத்தில் வேறெவரும் அந்தச் சுற்றில் அவ்வளவு கோல் போடவில்லை. ஆனால் இலங்கை எத்தனையாவது இடம்? 16 அணிகளில் 15 ஆவது.

இதைக் கேட்டவுடன் பலர் கேட்பார்கள்: "உலகத்திலேயே கூடக் கோல் போட்டவர் நம்மிடம் இருக்கிறார், பிறகு ஏன் தோற்கிறோம்?" இதற்கு விடை, இந்த மண்டபத்தில் ஒரு தடவையாவது விங் டிஃபென்ஸ் ஆடிய எல்லோருக்கும் தெரியும்.

கூடைப்பந்தாட்டத்தில் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடலாம். வலைப்பந்தாட்டத்தில் பந்தோடு ஓட முடியாது. மூன்று செக்கனுக்குள் அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். கோல் போடும் உரிமை இரண்டு பேருக்கு மட்டும். அதுவும் வட்டத்துக்குள் நின்றுதான். கோல் விழுந்தால் பந்து மீண்டும் நடுவுக்கு வரும். சென்டர் பாஸ் மாறி மாறித்தான் கிடைக்கும். ஆகவே இரண்டு அணிக்கும் கிடைக்கும் பந்து ஏறக்குறையச் சமம். வித்தியாசம் எங்கே வருகிறது? நடுவில் தொலைகிற பந்தில். தர்ஜினிக்குக் கொடுத்த பந்து கோலாகும். தர்ஜினிக்குப் போய்ச் சேராத பந்து எதிரியின் கோலாகும். அதற்கு அவர் என்ன செய்வார்?

நல்ல அணிகள் அவரை மறிப்பதில் நேரத்தை வீணாக்குவதில்லை. அவருக்குப் பந்து கொடுக்க வருகிற பிள்ளையின் கையை மறிக்கிறார்கள். அந்தப் பிள்ளை மூன்று செக்கனில் தடுமாறுகிறாள். பந்து உயரமாக, மெதுவாக, எல்லோருக்கும் தெரிகிற மாதிரிப் போகிறது. முன்னால் ஒருவர் பாய்ந்து தட்டிவிடுகிறார். இதுதான் நடக்கிறது. ஒரு உயரமான தென்னை இருந்தால் மட்டும் தேங்காய் வீட்டுக்கு வராது. ஏறிப் பறிக்கவும் ஆள் வேண்டும், கீழே நின்று பொறுக்கவும் ஆள் வேண்டும்.

இதோடு இன்னொரு கவலை. தர்ஜினிக்கு 44 வயது. இம்முறையும் அவர் ஆடுவார் என்றே நாங்கள் எதிர்பார்க்கிறோம். அந்த வயதில் எங்களுக்கு வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறுவதே பெரிய ஆட்டம். அவர் ஒரு மணித்தியாலம், நாலு காற்பகுதி, உலகத்தின் பலசாலிப் பெண்களோடு தோளை இடித்து நிற்கிறார். அவருக்குப் பிறகு யார் என்ற கேள்வியை நாம் பத்து வருடமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறோம்.

ஆகவே எங்கள் மதிப்பீடு இது. மேலே போவதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு. கடைசி நாலு பேருக்குள் சிங்கப்பூரை வெல்வதற்குப் பத்தில் ஏழு. இன்னொரு அணியையும் வென்று 13 ஆவது இடம் பிடிக்கப் பத்தில் இரண்டு. 13 ஆவதாக வந்தால் நாங்கள் எல்லோருக்கும் மஸ்கெற் வாங்கித் தருவோம். "வெறும் 13 ஆவது இடத்துக்கா?" என்று கேட்காதீர்கள். இந்த விளையாட்டின் சர்வதேச சம்மேளனம் 1960 இல் இலங்கையில் நடந்த கூட்டத்தில்தான் உருவானது. ஆளுக்கொரு சட்டம் வைத்து ஆடிய நாடுகள் இங்கே கூடித்தான் ஒரே விதிக்கு வழி செய்தன. 1963 இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ணில் நடந்த முதலாவது உலகச் சுற்றில் ஆடிய 11 அணிகளில் சிலோனும் ஒன்று. அவ்வளவு பழைய வீடு நம்முடையது. கூரை ஒழுகுகிறது, உண்மைதான். ஆனால் அத்திவாரம் இருக்கிறது.

இனி, எங்களுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டும்.

1983 ஜூலை மாதம் நாங்கள் ஏழு பேரும் இதே மாதிரி ஒரு கணக்குப் போட்டோம். அந்த வருடப் பாடசாலைச் சுற்றில் நன்றாக ஆடியிருந்தோம். அடுத்த கட்ட ஆட்டத்துக்குத் திகதி குறித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்து, தோடம்பழத் தோலை உறிஞ்சிக்கொண்டு, மதிலில் இருந்து கரித்துண்டால் எழுதினோம். யார் யாரோடு மோதுவார்கள், யார் தோற்றால் நமக்கு நல்லது, யாருடைய ஜீ.எஸ். இடது பக்கம் மட்டும்தான் திரும்புவாள் என்றெல்லாம். எங்கள் ஜீ.எஸ். சொன்னாள்: "இந்த வருஷம் எங்களுக்குத்தான்டி. எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ." நாங்கள் எழுதி வைத்தோம். மதிலில்.

திங்கட்கிழமை பாடசாலை நடக்கவில்லை. அந்த வாரம் கொழும்பில் என்ன நடந்தது என்று இந்த மண்டபத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கொட்டாஞ்சேனையில் இருந்த எங்கள் விங் அட்டாக்கின் வீடு எரிந்தது. வெள்ளவத்தையில் இருந்த ஜீ.எஸ். குடும்பம் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா ஒருவரின் குசினியில் இரண்டு இரவு இருந்தது. பிறகு அகதி முகாம். பிறகு கப்பலில் காங்கேசன்துறை. கோல் டிஃபென்ஸ் முதலில் இந்தியா, பிறகு அவுஸ்திரேலியா. செப்டெம்பரில் பாடசாலை திறந்தபோது நாங்கள் நாலு பேர். வலைப்பந்தாட்டத்துக்கு ஏழு பேர் வேண்டும்.

அந்த ஆட்டத்தை நாங்கள் தோற்கவில்லை. ஆடவேயில்லை. தோற்றிருந்தால் மறந்திருப்போம். நாற்பது வருடமாக, எப்போது தொலைபேசியில் பேசினாலும், எங்கேயாவது ஓரிடத்தில் அந்தப் பேச்சு வந்துவிடும். "அண்டைக்கு விளையாடியிருந்தா வெண்டிருப்போமோ?" ஜீ.எஸ். எப்போதும் "ஓம்" என்பாள். சென்டர் எப்போதும் "பத்தில் நாலு" என்பாள்.

இந்த உலகக் கிண்ணம் தொடங்குவது ஜூலை 28. நாற்பது வருடத்துக்கு முன் அதே வாரம். நாங்கள் தெரிந்தெடுத்த திகதி இல்லை. ஆனால் கவனித்தோம்.

இலங்கை என்று எழுதிய சட்டைக்குக் கைதட்டுவது எங்களுக்கு எப்போதும் இலகுவாக இருக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 2009 ஆம் ஆண்டு மலாக்காவில் நம்முடைய அணி ஆசியக் கிண்ணம் வென்றது. தர்ஜினியின் கை அதில் பெரிய கை. அந்த வருடம் வன்னியில் என்ன நடந்தது என்பதையும் நீங்கள் அறிவீர்கள். எங்களில் ஒருத்தி பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்து அழுதாள். இன்னொருத்தி பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். இரண்டு பேரும் சரி என்றே இன்றைக்கும் நினைக்கிறோம். இலண்டனில் இருந்த ஜீ.எஸ். மட்டும் தொலைபேசியில் சொன்னாள்: "கொடியை விடுங்கோடி. அந்தப் பிள்ளை வட்டத்துக்குள்ள நிக்கிறதைப் பாருங்கோ. நான் நிண்ட இடம் அது." அதன் பிறகு நாங்கள் ஒரு ஆட்டத்தையும் தவறவிடவில்லை. 2018 இல் எழிலேந்தினி சேதுகாவலரும் அணியில் இருந்தபோது, இரண்டு தமிழ்ப் பிள்ளைகள், மற்றவர்கள் சிங்களப் பிள்ளைகள், ஒரே மொழியில் கத்திக்கொண்டு ஆடினார்கள். அந்த மொழி "ஹியர், ஹியர்" என்பதுதான். பந்து வேண்டுமென்றால் எல்லோரும் அதையே சொல்வார்கள்.

கடைசியாக, எங்கள் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சென்ற வருடம் இந்தக் கல்லூரியின் மூத்தோர் அணி எந்தச் சுற்றிலும் ஆடவில்லை. ஏன் என்று கேட்டோம். ஏழு பேர் சேரவில்லை. எங்களுக்கு நெஞ்சில் அடித்தமாதிரி இருந்தது. 1983 இல் ஏழு பேர் சேராததற்கு ஒரு காரணம் இருந்தது. 2022 இல் என்ன காரணம்? எரிபொருள் ஒரு காரணம், சரி. ஆனால் பதிவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. ஒன்பதாம் வகுப்பில் இருபது பிள்ளைகள் ஆடுகிறார்கள். சாதாரண தரம் வந்தவுடன் பத்து. உயர்தரத்தில் மூன்று, நாலு. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு தாயின் கடிதம் இருக்கிறது. முழங்கால் நோ. மூச்சு வாங்குது. வெயில் ஒத்துக்கொள்ளுதில்லை. உண்மையான காரணம் ரியூஷன். எங்களுக்கு அது எப்படித் தெரியும்? அப்படிப்பட்ட கடிதங்களில் இரண்டை எழுதியது நாங்கள்தான். எங்கள் கோல் அட்டாக் தன் சொந்த மகளுக்கு, பதினைந்து வருடங்களுக்கு முன், முழங்கால் நோ என்று எழுதிக் கொடுத்தாள். விங் டிஃபென்ஸ் தன் மகளுக்கு ஆஸ்துமா என்று எழுதினாள். அந்தப் பிள்ளைக்கு இன்றைக்கு வரை ஆஸ்துமா இல்லை. ஆனால் சென்ற மாதம் அவள் தாயிடம் கேட்டாள்: "அம்மா, அந்த வருஷம் எங்கட ரீம் எது மட்டும் போனது?" கேள்வி எங்கள் கேள்விதான். ஆளைத்தான் மாற்றியிருக்கிறோம். எங்களுக்கு ஆட்டத்தை நிறுத்தியது கலவரம். அவளுக்கு நிறுத்தியது நாங்கள்.

ஜமைக்காவை ஏன் வெல்ல முடியவில்லை என்று கணக்குப் பார்த்தோம் அல்லவா? பந்து நடுவில் தொலைகிறது என்றோம். பிள்ளைகளும் நடுவில்தான் தொலைகிறார்கள். பதினைந்து வயதுக்கும் பத்தொன்பது வயதுக்கும் இடையில். மூன்று செக்கனில் தடுமாறாத ஒரு சென்டர் உருவாக அந்த நாலு வருடம்தான் வேண்டும்.

ஆகவே நூற்றாண்டை முன்னிட்டு நாங்கள் ஒரு காரியம் தொடங்கியிருக்கிறோம். சனிக்கிழமை காலை 6.30 முதல் 8 மணி வரை பயிற்சி. ரியூஷன் வகுப்புத் தொடங்க முன் முடிந்துவிடும். நாங்கள் நாலு பேரும் முறை வைத்து வந்து நிற்போம். பழைய கம்பங்கள் இரண்டும் துருப்பிடித்துச் சாய்ந்திருந்தன. புதிதாக இரண்டு கம்பம், வளையம், வலை, ஒரு பை நிறையப் பந்து ஆகியவற்றுக்கு ரொறன்ரோ, மெல்பேண் கிளைகள் பணம் அனுப்பிவிட்டன. தோடம்பழம் எங்கள் பொறுப்பு. உங்களிடம் பணம் கேட்கவில்லை. இங்கே இருக்கும் தாய்மாரிடமும் அம்மம்மா, அப்பம்மாமாரிடமும் கேட்பது ஒன்றே ஒன்று: பிள்ளையின் பெயரை வெட்டச் சொல்லிக் கடிதம் எழுத முன் எங்களில் ஒருவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். அவ்வளவுதான். பரீட்சையை விட ஆட்டம் பெரிது என்று நாங்கள் சொல்லமாட்டோம். எங்கள் சென்டர் கணக்கு ரீச்சர். அவளை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியுமா? வேண்டுமானால் பயிற்சி முடிந்து அரை மணித்தியாலம் அவளே கணக்கும் சொல்லிக் கொடுப்பாள்.

முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே, இந்த வருடம் நீங்கள் எட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறீர்கள் என்று அதிபர் சொன்னார். எட்டு என்றால் ஏழும் ஒரு மாற்றும். உங்கள் வாய்ப்பு என்ன என்று எங்களிடம் கேட்டீர்கள். உண்மையைச் சொல்கிறோம். முதல் சுற்றில் தோற்பீர்கள். இரண்டு வருடம் ஆடாத அணி வேறென்ன செய்யும்? அடுத்த வருடம் ஒரு ஆட்டம் வெல்வீர்கள். அதற்கடுத்த வருடம் எங்களைக் கேளுங்கள். மதிலில் எழுதித் தருகிறோம். ஆனால் ஆடுங்கள். ஆடித் தோற்ற ஆட்டத்தைப் பற்றி நாற்பது வருடம் யாரும் யோசித்துக்கொண்டிருப்பதில்லை.

கேப் டவுண் ஆட்டங்களை வெள்ளவத்தையில் எங்கள் ஜீ.கே. வீட்டில் ஒன்றாகப் பார்க்கப் போகிறோம். யாரும் வரலாம். அங்கே மாலை 6 மணி என்றால் நமக்கு இரவு 9.30. இலண்டனில் மாலை 5. ரொறன்ரோவில் நண்பகல் 12. மெல்பேணிலும் சிட்னியிலும் அதிகாலை 2 மணி. பாவம், எங்கள் கோல் டிஃபென்ஸ் அலாரம் வைத்துக்கொள்வாள். அவள் எப்போதும் பிந்தித்தான் எழும்புவாள், ஆனால் பந்தைத் தவறவிட்டதில்லை. தொலைபேசியைத் திறந்து வைத்து ஆறு பேரும் ஒரே நேரத்தில் கத்துவோம். ஏழாவது கதிரை ஒன்றையும் போட்டு வைப்போம். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் அவள் சொல்லக்கூடியது எங்களுக்குத் தெரியும்: "இந்த வருஷம் எங்களுக்குத்தான்டி."

சென்டர் பத்தில் ஒன்று என்பாள். நாங்கள் இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு பார்க்க உட்காருவோம்.